மவுசைக் கவிழ்த்து வைத்த மெர்சி

மெர்சி முதலில் செய்த காரியம் மவுசின் ஒயரைப் பிடுங்கியதுதான். பிடுங்கி, கவிழ்த்து, மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள்.

“அதுக்கும் சார்ஜ் போகும்லா? கெடக்கட்டும்” என்றாள்.

எங்கள் தீப்பெட்டி ஆபீசின் பேக்கிங் ஷெட் அது. அன்றைக்கு அங்கே ஒரு தீப்பெட்டி பண்டல்கூடக் கிடையாது. கிடந்ததெல்லாம் ரொட்டி, தண்ணீர் பாட்டில், பால் பவுடர், போர்வை, மெழுகுவத்தி, அட்டைப் பெட்டி நிறையக் கடலைமிட்டாய். ஈரச் சாக்கின் வாடையும், சுவரில் ஊறிப்போன மெழுகு வாசனையும், யாரோ அண்டாவில் கொண்டுவந்து வைத்திருந்த எலுமிச்சம்பழச் சாதத்தின் வாசனையும் ஒன்றாகக் கலந்திருந்தன.

மழை விட்டிருந்தது. ஆனால் தெற்கே ஆற்றங்கரைப் பக்கம் ஊர் ஊராகத் தண்ணீருக்குள் இருந்தது. பாலங்கள் போய்விட்டன. ரயில் நின்றுவிட்டது. எங்கள் கோவில்பட்டி கொஞ்சம் மேட்டில் இருப்பதால் தப்பியது. மழைக்காக வானத்தைப் பார்த்தே பழகிய கரிசல்காட்டு ஜனங்கள் நாங்கள். ஒரு வருஷத்துக்கான மழை இரண்டு நாளில் கொட்டினால் என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நிவாரணச் சாமான் சேர்க்கத் தன் ஷெட்டைத் திறந்துவிட்டிருந்தார். கம்பெனி ஜெனரேட்டரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அதனால் ஷெட்டில் கரண்ட் இல்லை. எங்களிடம் இருந்தது இரண்டு லேப்டாப். இரண்டிலும் பாதிக்குக் கீழே சார்ஜ்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். “ஏ பிள்ளைகளா, கடற்கரைலேருந்து போட்டெல்லாம் லாரில ஏத்தி வந்துட்டு. எங்க போகணும், யாரை முதல்ல தூக்கணும்னு கேக்காவ. மத்தியானத்துக்குள்ள பேர் வேணும். முடியுமா?”

நான் மெர்சியைப் பார்த்தேன். மெர்சி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடியும் அண்ணாச்சி” என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

எந்த ஆபீஸ்?

நான் எழுதுவதைப் படிக்கும் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: “கல்யாணம், கருப்பட்டி, மாமியார் எல்லாம் எழுதுகிறீர்கள். நீங்கள் செய்யும் வேலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?”

நியாயமான கேள்வி. எழுதாததற்குக் காரணம், சொன்னால் யாருக்கும் புரியாது என்ற எண்ணம்தான்.

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கட்டையில் குச்சி அடுக்குகிறவர்களும் ஆபீசுக்குத்தான் போகிறார்கள், லேபிள் ஒட்டுகிறவர்களும் ஆபீசுக்குத்தான் போகிறார்கள். என் அம்மாவும் அப்படி ஓர் ஆபீசில் பெட்டி அடைத்தவள்தான். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது எப்போதும்வென்றான் என்ற ஊரில் இருக்கும் என் அத்தையிடம், “அத்தை, ஆபீஸ் வேலை கிடைச்சிருக்கு” என்றேன்.

“ஏன், பி.காம் படிச்ச பிள்ளைக்குக் குச்சி அடுக்குத வேலையா கிடைச்சுது?” என்று அத்தை வருத்தப்பட்டாள்.

“தீப்பெட்டி ஆபீசுக்குள்ள இருக்க ஆபீஸ், அத்தை” என்று விளக்கினேன். அவளுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

அந்த ஆபீசுக்குள் இருக்கும் ஆபீசில் என் வேலை எக்ஸல். எந்த லேபிள், எத்தனை பண்டல், எந்த லாரி, எந்த ஊர்க் கடைக்கு. வடக்கே ஏதோ ஒரு குளிர்ப் பிரதேசத்தில் யாரோ அடுப்புப் பற்றவைக்க எங்கள் தீப்பெட்டியை உரசினால், அது என் கட்டம் ஒன்றின் வழியாகப் போனதுதான். இதை நினைத்து எனக்கு எப்போதுமே உள்ளுக்குள் ஒரு நிமிர்வு உண்டு. வெளியில் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

முழங்கைக்குப் பின்னால்

நான் சேரும்போது மெர்சி அங்கே ஏற்கெனவே இருந்தாள். ஆற்றங்கரை ஊர்க்காரி. கோவில்பட்டியில் அண்ணன் வீட்டில் தங்கி வேலை பார்த்தாள். என் வயதுதான். ஆனால் ஒரே அளவு வேலையை அவள் சாயங்கால டீக்கு முன்னால் முடித்துவிடுவாள். பெருக்குகிற அக்கா வந்து விளக்கை அணைக்கப் போகும்வரை நான் உட்கார்ந்திருப்பேன்.

அவள் மவுசைத் தொட்டு நான் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் கவிழ்த்து வைத்துவிடுவாள். அதன் வயிற்றிலிருக்கும் சிவப்பு விளக்கு கூரையைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கும். நானோ மவுசின் சக்கரத்தை உருட்டி உருட்டி, ஆயிரம் வரிசைக்குக் கீழே இருக்கும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் எதற்குப் போனேன் என்பதை மறந்திருப்பேன்.

“எப்படி மெர்சி ஒரே தாவா தாவுத?” என்று கேட்டேன்.

“எனக்கு யாரு சொல்லித் தந்தா?” என்றாள். அதோடு முழங்கையைக் கீபோர்டுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டாள், பரீட்சையில் பேப்பரை மறைக்கிற பிள்ளை மாதிரி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பார்க்கத்தானே விடமாட்டாள், கேட்பதை யார் தடுக்க முடியும்? இடது சுண்டு விரல் ஓரத்துக் கட்டையை அமுக்கிப் பிடிக்கிற சத்தம் ஒரு மாதிரி இருக்கும், வலது கை அம்புக்குறியைத் தட்டுகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அவள் கை கழுவப் போனதும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கீழ் அம்பைத் தட்டியதும் நேராகக் கடைசி வரிசையில் போய் நின்றது. ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்தால் போகிற வழியெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு போனது. அன்று நான் சாப்பிடவே இல்லை.

கொஞ்ச நாளில், அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குக் கிடைத்தது. கை தவறிக் கன்ட்ரோலோடு அரைப்புள்ளிக் கட்டையை அமுக்கிவிட்டேன். கட்டத்தில் அன்றைய தேதி வந்து உட்கார்ந்தது. லாரி பில் ஒவ்வொன்றிலும் தேதியைக் கையால் அடித்துக்கொண்டிருந்த மெர்சி, பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

“இது எப்படி வந்துச்சு?”

“எனக்கு யாரு சொல்லித் தந்தா?” என்றேன்.

முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “சரி, நீ ஒண்ணு சொல்லு. நான் ஒண்ணு சொல்லுதேன்.”

அப்படி ஆரம்பித்தது எங்கள் பண்டமாற்று. டீ நேரத்தில் ஒன்றுக்கு ஒன்று. நான் தேதியைக் கொடுத்தேன், அவள் எஃப் 4 கொடுத்தாள். கடைசியாகச் செய்த வேலையை அதே மாதிரி இன்னொரு தரம் செய்துகொடுக்கும் கட்டை அது. நான் ஆல்ட்டும் சமக்குறியும் கொடுத்தேன், மொத்தக் கூட்டல் ஒரு தட்டில் விழும். அவள் கட்டத்துக்குள்ளேயே போய்த் திருத்தும் எஃப் 2 கொடுத்தாள். கொடுப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று இருவரும் வீட்டில் போய் போனில் வீடியோ பார்த்தோம். பழசைக் கொடுத்து ஏமாற்றினால் அன்று வடைக்குக் காசு ஏமாற்றியவர்தான் கொடுக்க வேண்டும்.

கன்ட்ரோல் ஈ என்ற ஒன்றை மட்டும் அவள் வெகுநாள் பிடித்து வைத்திருந்தாள். அதற்கு நான் இரண்டு கொடுத்துத்தான் வாங்கினேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

லேயர் போட்டு வெட்டுவது

என் வீட்டுக்காரர் புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வருவார். ஒரு தடவை அவரிடம் பீற்றிக்கொண்டேன்: நூறு கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒரு வார்த்தை அடித்து, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டினால் நூறு கட்டத்திலும் அந்த வார்த்தை நிரம்பிவிடும் என்று.

அவர் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். “நாங்க துணிய லேயர் லேயரா போட்டு ஒரே வெட்டா வெட்டுதோம்லா, அந்த மாதிரி.”

“அதே மாதிரிதான்.”

“அப்போ நீயும் கட்டிங் மாஸ்டர்தான்” என்றார். இவ்வளவு நல்ல வார்த்தை அவர் எனக்குச் சொல்லி அபூர்வம். மறுபடி சோறு போட்டேன்.

மிச்சப்படுத்திய நேரத்தை என்ன செய்தாய் என்று கேட்கலாம். அது எங்கள் நேரம். வேலையை முடித்துவிட்டு நாலு மணி பஸ்சைப் பிடித்தேன். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனேன். என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பூட்டின கதவைப் பார்க்காமல், திறந்த கதவைப் பார்த்தாள். ஒவ்வொரு குறுக்குவழியும் எனக்குக் கொடுத்தது அதைத்தான்.

அண்ணாச்சிக்கும் தெரியும். “வேலை முடிஞ்சா கிளம்புங்க. சும்மா உக்காந்து சேரைத் தேய்க்காதீங்க” என்பார். அப்படிப்பட்ட முதலாளி வாய்ப்பது எல்லோருக்கும் நடப்பதில்லை.

குவியல்

வெள்ள நாள் காலைக்குத் திரும்புகிறேன்.

வெளியூர்களில் இருக்கும் பிள்ளைகள், வெள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள், அக்கம்பக்கத்தார் என்று எல்லோரும் வாட்ஸப்பில் அனுப்பிய செய்திகளைத் தன்னார்வலர்கள் பலர் பல ஊரிலிருந்து ஒரே ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊர், பெயர், வயது, என்ன தேவை, போன் நம்பர், தகவல் சொன்னவர். ஆறு பத்திகள். அதை நாங்கள் லேப்டாப்பில் இறக்கித் திறந்தோம்.



அவசரத்தில் கொட்டிய குவியல் அது. சிலர் தமிழில், சிலர் ஆங்கில எழுத்தில். ஒரே தெரு நாலு விதமாக எழுதப்பட்டிருந்தது. பலர் ஆறு பத்திக்கான விஷயத்தையும் ஒரே கட்டத்துக்குள் திணித்திருந்தார்கள். ஒரே ஆளுக்காகச் சென்னையிலிருந்து மகனும், துபாயிலிருந்து மகளும், பக்கத்து வீட்டுக்காரரும் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். இதை இப்படியே கொடுத்தால் படகு ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போகும், இன்னொரு வீட்டுக்குப் போகவே போகாது.

“நீ மேல் பாதி, நான் கீழ் பாதி” என்றாள் மெர்சி.

கன்ட்ரோல் ஈ அன்றைக்குத்தான் தன் முழு வேலையையும் காட்டியது. குவியலாகக் கிடந்த கட்டத்துக்குப் பக்கத்தில் அதிலுள்ள போன் நம்பரை மட்டும் ஒரு தடவை அடித்துக்காட்டினேன். கீழ்க் கட்டத்துக்கு வந்து கன்ட்ரோல் ஈ தட்டினேன். நான் என்ன செய்தேன் என்று புரிந்துகொண்டு, கீழே கடைசி வரை ஒவ்வொரு குவியலிலிருந்தும் நம்பரை உருவி எடுத்து வரிசையாக வைத்தது. தப்பாக உருவியதைக் கண்ணால் பார்த்துத் திருத்தினேன். தெருப் பெயர்களைக் கன்ட்ரோல் ஹெச் போட்டு மெர்சி ஒரே மாதிரி மாற்றிக்கொண்டு வந்தாள்.

இரண்டு பாதியையும் ஒரே ஷீட்டில் சேர்த்தோம். அடுத்து இரட்டிப்பு. ஒரே நம்பர் திரும்ப வருகிற வரிசைகளை எக்ஸலே அழித்துவிடும். ஆல்ட், ஏ, எம். என் விரல் ஆல்ட்டில் இருந்தது. மெர்சி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“அழிக்காதட்டி!”

“ஒரே ஆளுதான?”

“ஆளு ஒண்ணு. இங்கன பாரு.”

ஒரு பெரியவர். மகன் எழுதியது: ‘அப்பா தனியாக இருக்கிறார்.’ பக்கத்து வீட்டுக்காரர் எழுதியது: ‘மாடிக்கு வந்துவிட்டார்.’ மகள் எழுதியது: ‘சர்க்கரை ஊசி தீர்ந்துவிட்டது.’ மூன்றிலும் அவர் நம்பர்தான். முதல் வரிசையை வைத்துக்கொண்டு மற்றதை அழித்திருந்தால், படகு போயிருக்கும். ஊசி போயிருக்காது.

அதனால் அழிக்கவில்லை. நம்பர் வாரியாக வரிசைப்படுத்தினோம். ஒரே ஆளின் வரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒவ்வொன்றாகப் படித்து ஒரே வரியாகச் சேர்த்தோம். இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஆனால் மற்றதையெல்லாம் குறுக்குவழியில் முடித்திருந்ததால்தான் உட்கார்ந்து படிக்க எங்களுக்கு நேரம் இருந்தது.

அவள் தேடாத பெயர்

என் வீட்டுக்காரர் புதியம்புத்தூரில் கம்பெனி மாடியில் பத்திரமாக இருக்கிறார் என்று முதல் நாளே போன் வந்திருந்தது. அந்த நிம்மதி எனக்கு இருந்தது. மெர்சிக்கு இல்லை.

அவள் அம்மா அன்னத்தாய் ஊரில் தனியாக இருந்தாள். மழை வலுத்த அன்று சாயங்காலம், “தண்ணி தெருவுக்கு வந்துட்டு மக்கா, நான் மேக்க…” என்று பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அறுந்துபோனது. அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. மெர்சியின் அண்ணன் தண்ணீர் ஓரம் வரை போய், தாண்ட வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தான். மெர்சி வேலைக்கு வந்துவிட்டாள்.

நான் மெதுவாகக் கேட்டேன். “அம்மா பேரு இதுல இருக்கான்னு போட்டுப் பாத்தியா?”

“இல்ல.”

“கன்ட்ரோல் எஃப் போடு. ஒரு நிமிஷந்தான.”

அவள் விரல்கள் நிற்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “இல்லன்னு வந்துட்டா என்னட்டி செய்ய?”

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“தேடாத வரைக்கும் இதுக்குள்ள எங்கனயோ இருக்காவன்னு நெனச்சுக்கிட்டே வேலை பாப்பேன். நீயும் தேடாத.”

நான் தேடினேன். லேப்டாப்பைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பிக்கொண்டு தேடினேன். அன்னத்தாய். இல்லை. அன்னத்தாயி. இல்லை. ஆங்கில எழுத்தில் ஒரு விதம், இன்னொரு விதம். கடைசியில் முதல் எழுத்துகளை மட்டும் போட்டுப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டேன். எப்படி எழுதியிருந்தாலும் பிடித்துவிடும். வேறு ஊர் அன்னம்மாள் ஒருத்தி வந்தாள், வயது வேறு.

திரையைப் பழையபடி திருப்பி வைத்தேன். மெர்சி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.  ஆனாலும் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். நானும் தட்டினேன்.

கிழக்குப் பக்கமாக வரவும்

சார்ஜ் குறைந்துவிட்டது என்று என் லேப்டாப் எச்சரிக்க ஆரம்பித்தபோது மிச்சமிருந்தது கடைசி வேலை. முதலில் தூக்க வேண்டியவர்களைப் பிரித்து எடுப்பது. வடிகட்டி போட்டேன், கன்ட்ரோல் ஷிஃப்ட் எல். டயாலிசிஸ் நோயாளிகள். ஊசி வேண்டியவர்கள். பிறகு கர்ப்பிணிகள்.

மெர்சியின் ஊர்க்காரப் பெண் ஒருத்தி மூன்று வரிசையில் இருந்தாள். மூன்றிலும் வேறு வேறு நம்பர் இருந்ததால் முதலில் சேராமல் போயிருந்தது. ஒன்றில் பெயர் மட்டும். இன்னொன்றில் பெயரோடு ‘நிறைமாசம்’ என்று மட்டும். மூன்றாவது வரிசையில், தேவை என்ற கட்டம் நிரம்பி வழிந்தது. எஃப் 2 தட்டி முழுவதையும் படித்தேன்.

‘நிறைமாசம், காலையிலிருந்து இடுப்பு வலி. சர்ச்சுக்குப் பின்னால் மஞ்சள் மாடி வீடு. மாடியில் சின்னப் பிள்ளைகளும் உண்டு, பால் இல்லை. படகு கிழக்குப் பக்கமாக வரவும். மேற்கே தண்ணீருக்குள் கம்பி வேலி இருக்கிறது, படகைக் கிழித்துவிடும்.’

இவ்வளவு தெளிவாக வேறு யாருமே தகவல் சொல்லியிருக்கவில்லை. யார் இது என்று கடைசிப் பத்திக்குப் போனேன். தகவல் சொன்னவர்: மெர்சி அம்மா.

நான் எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“ஏட்டி மெர்சி. இங்கன வா.”

வந்து படித்தாள். மறுபடி படித்தாள். “எங்க ஊர்ல மெர்சிங்கிற பேரு நெறைய உண்டும்” என்றாள். 

பிறகு அவள் விரல் திரையில் அந்தக் கம்பி வேலி என்ற வார்த்தைக்குப் போய் நின்றது.

“எங்க சித்தப்பா போட்ட வேலி. ஆடு உள்ள வருதுன்னு போன கோடைல போட்டாவ. அதுல மாட்டி எங்கம்மா சேலை கிழிஞ்சுது. அதுக்குச் சண்டையே நடந்துது.”

 வரிசை ஏற்றப்பட்டது அன்று காலையில்தான். அதிலிருந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தோம். யாரோ ஒருவருடைய போன், அணைந்து கிடந்தது. பரவாயில்லை. அன்று காலையில் அன்னத்தாய் மஞ்சள் மாடி வீட்டில், வலியில் துடிக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில், யாருடைய போனையோ வாங்கிப் பேசியிருக்கிறாள்.

மெர்சி முகத்தைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள். உட்கார்ந்தாள். அந்த வரிசைக்குச் சிவப்பு நிறம் கொடுத்தாள். அடுத்த அவசர வரிசைக்குப் போய் எஃப் 4. அதற்கடுத்து எஃப் 4. கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, ஒரு கட்டைகூடத் தவறவில்லை.

பாதை பாதையாகப் பிரித்துப் படமாக எடுத்து, தண்ணீர் ஓரத்தில் படகுக்காரர்களோடு நின்ற எங்கள் லாரி டிரைவர் கணேசன் அண்ணனுக்கு அனுப்பினோம். கடைசிப் படம் போய்ச் சேர்ந்து, இரண்டு நீல டிக் விழுந்ததும் என் லேப்டாப் அணைந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை.

அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். “அதுக்குள்ளயா?” என்றார். ஷெட்டில் இருந்த எல்லோரையும் பார்த்து உரக்கச் சொன்னார். “ஏய், நம்ம ஆபீஸ் பிள்ளைக முடிச்சிட்டாவ!”

எங்களை அவர் மரியாதையாக ‘ஆவ’ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் வந்த போன்

கணேசன் அண்ணன் கூப்பிட்டபோது மெர்சி போனை என் கையில் கொடுத்துவிட்டாள். “செல்வி பேசுதேன்” என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“செல்வி, அந்தக் கர்ப்பிணிப் பிள்ளையக் கொண்டாந்து ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. கிழக்காமதான் போனோம். மேக்க போயிருந்தா போட்டு காலி. அந்தச் சர்க்கரைக்காரப் பெரியவருக்கும் ஊசி போயிட்டு.”

“அண்ணே, அந்த மஞ்ச வீட்ல…”

“அங்கன ஒரு அம்மா ரொம்பப் பிடிவாதம்லா! ஏறுங்கன்னா ஏற மாட்டேங்காவ. இடம் இருந்தா இந்தப் பிள்ளைகள ஏத்து, நான் அடுத்த தடவை வாரேன்னுட்டாவ. அடுத்த தடவைக்கும் அதே பேச்சு. கடைசிலதான் வந்தாவ. இந்தா, பக்கத்துலதான் நிக்காவ. பேசுதீங்களா?”

மெர்சி போனைப் பிடுங்கினாள். “எம்மா” என்று மட்டும்தான் சொன்னாள். அதற்கு மேல் இருவரும் பேசியதை நான் கேட்கவில்லை. ரொட்டிப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று நானும் அழுதேன்.

அந்தப் பெண்ணுக்கு அன்று இரவே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று மறுநாள் தெரிந்தது.

அன்னத்தாய் வந்தாள்

பாதை திறந்ததும் மெர்சியின் அண்ணன் அம்மாவைக் கோவில்பட்டிக்கு அழைத்துவந்தான். யாருடையதோ ஒரு சேலை, காலில் ஜோடி சேராத செருப்பு. வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் ஷெட்டுக்கு வந்தாள். ஒல்லியான, வேகமாகப் பேசுகிற அம்மா. வந்த கையோடு கடலைமிட்டாய்ப் பெட்டி கட்டுகிற பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மெர்சி சண்டைக்குப் போனாள். “எல்லாத்தையும் சொல்லிருக்க, வேலிய சொல்லிருக்க, பிள்ளைகளுக்குப் பால் இல்லன்னு சொல்லிருக்க. உம் பேரச் சொன்னியா? நாங்க இங்கன உசிரக் கையில பிடிச்சிக்கிட்டு இருக்கோம்!”

அன்னத்தாய்க்குக் கேள்வியே விளங்கவில்லை. “போன்ல கேட்ட தம்பி, என்ன வேணும்னுதான கேட்டான்? எனக்கு ஒண்ணும் வேண்டாமே. நான் நல்லாத்தான இருந்தேன். யாரு பேசுதீங்கன்னு கேட்டான், மெர்சி அம்மான்னேன். ஊர்ல அப்படித்தான என்னைக் கூப்புடுதாவ?”

எனக்கு அவளிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. லேப்டாப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்துத் திறந்தேன். சிவப்பு வரிசைகளுக்கு நடுவே அவள் சொன்னதெல்லாம் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பெட்டி கட்டுகிற பெண்களைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“இந்தா பாருங்க. இது நாந்தான்.”

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். “இதுல நீங்க ரெண்டு பேரும் என்னட்டி செஞ்சிய?”

எத்தனையோ பேர் என் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பில் போடுறேன், டைப் அடிக்கிறேன் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கிறேன். அன்று அப்படிச் சொல்லவில்லை.

“பேரெல்லாம் குவியலா வந்துச்சு சித்தி. எது யாருன்னு பிரிச்சு, யாரு முதல்லன்னு அடுக்கி, படகு எங்கன போகணும்னு நாங்கதான் எழுதிக் கொடுத்தோம். மத்தியானத்துக்குள்ள கொடுத்தோம்.”

அன்னத்தாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பனியனில் கடலைமிட்டாய்ப் பாகு ஒட்டியிருந்த அண்ணாச்சி, நூல்கண்டைப் பிடித்தபடி நின்ற பெண்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து, மெர்சியின் முகத்தை ஒரு கையாலும் என் முகத்தை ஒரு கையாலும் நெற்றியிலிருந்து தாடை வரை வழித்தாள். வழித்த விரல்களை மடக்கித் தன் நெற்றிப் பொட்டுகளில் வைத்து அழுத்தினாள்.

பத்து விரலும் சடசடவென்று நெட்டி முறிந்தன. “எங் கண்ணே பட்டுரும்” என்றாள்.